படுக்கைப்புண்ணும் மெத்தையுறையும்

நோயினால் நெடுநாட் படுத்தவர்க்கு அந்நோயினுங் கொடியதாகிய பிறிதொரு துன்பம் படுக்கையிலிருந்தே தோன்றுவதுண்டு. முதுகின் அடியிலும், இடுப்பின் இருபக்கத்திலும், குதிக்காலிலும், எலும்பு தோலை அணுகிநிற்கும் ஏனைய இடங்களிலும் உடலின் பாரம் நுண்ணிய குருதிக்குழாய்களை நெரிக்கின்றது. குருதி பெறாத தசை மடிகின்றது. மேலே சிறு செந்தழும்பாய்க் காணப்படுவது உள்ளே எலும்புவரை ஆழ்ந்திருப்பதுமுண்டு. இதுவே படுக்கைப்புண். அழுத்தத்தோடு ஈரமும் உராய்வுஞ் சேருமாயின் புண் விரைந்து வளரும். இம்மூன்றும் நோயாளியின் தோலைத் தாக்கும் இடத்திலே அமைந்திருப்பன மெத்தையும் அதன் உறையும் விரிப்புமேயாம். அற்பப்பொருளெனத் தோன்றும் இவற்றின் வரலாறு, மருத்துவவுலகம் படுத்த நோயாளியை எவ்வாறு மதித்தது என்பதன் வரலாறுமாகும்.

பிரான்சிய மன்னர்களின் சத்திரவைத்தியராய் விளங்கிய அம்புறுவாஸ் பாரே என்பார் 1569ஆம் ஆண்டில் பிளாண்டேர்ஸ் நாட்டிலே பிரபு ஒருவரைக் காணச் சென்றார். துப்பாக்கிச் சூட்டினால் முழங்காலருகே காயமுற்றுப் பலமாதம் படுத்திருந்த அப்பிரபுவின் உடலிற் படுக்கைப்புண்ணுந் தோன்றியிருந்தது. பாரே காயத்திற்கு மருந்திட்டதோடு அமையாது, மெல்லிய தூய விரிப்புக்கள் இட்ட வேறொரு படுக்கைக்கு அவரை மாற்றுவித்தார். புண்பட்ட பாகம் படுக்கையிற் படாது நிற்குமாறு மெல்லிறகுத் தலையணையொன்றையும் அமைப்பித்தார். பிரபு நலமடைந்தார். அழுத்தத்தை அகற்றலும் விரிப்பைத் தூயதாய் வைத்தலும் மருந்தோடொத்த சிகிச்சையாம் என்பதை அவ்வைத்தியர் நன்குணர்ந்திருந்தார்.

இவ்வுணர்வை இயற்பியல் வழியே வளர்த்தவர் ஸ்கொத்லாந்து நாட்டவரான நீல் ஆர்னற் என்னும் வைத்தியர். பிள்ளைப்பேற்றின் பின் காய்ச்சலுற்றுப் புண்பட்டுக்கிடந்த பெண்ணொருத்தியின் துயரைக் கண்ட அவர், நீரில் மிதக்கும் உடல் எவ்விடத்தும் தனித்து நெரிபடாது பரவலாகத் தாங்கப்படுதலைச் சிந்தித்து, 1832ஆம் ஆண்டில் நீர்ப்படுக்கையை ஆக்கினார். சாள்ஸ் மாக்கின்ரோஷ் என்பார் இரு துணிகளுக்கிடையே இறப்பர்க் கரைசலைப் பூசி நீர் புகாச் சீலை செய்யும் முறைக்கு 1823இல் ஆக்கவுரிமை பெற்றிருந்தார். ஆர்னற் நீர் வார்த்த தொட்டியொன்றின்மேல் அத்தகைய சீலையை விரித்து, அதன்மேல் மெல்லிய மெத்தையை இட்டார். அச்சீலையை அவர் இறுக்கிக் கட்டவில்லை. தொட்டியின் உட்புறம் முழுவதையும் மூடத்தக்க அளவு பெரிதாய்த் தளரவிட்டார். சீலை இறுகினால் நோயாளியைத் தாங்குவது நீரன்று, சீலையேயாம். இந்நுட்பம் பின்னர் மறக்கப்பட்டமை கருதத்தக்கது. தமது ஆக்கத்திற்கு ஆர்னற் ஆக்கவுரிமை பெறாது, எவரும் செய்து பயன்கொள்ளுமாறு வெளியிட்டமை அவர்தம் பெருந்தன்மைக்குச் சான்று.

ஆயின் அதே இறப்பர்ச்சீலை வைத்தியசாலைக் கட்டில்களிற் பரவியபோது அதன் நோக்கம் மாறியது. சிறுநீரும் வியர்வையும் மெத்தையிற் சுவறாதவாறு அஃது தடுத்தது. ஆயின் அவ்வீரத்தை நோயாளியின் தோலோடு சேர்த்து வைத்தது. மெத்தை உலர்ந்தது, நோயாளி நனைந்தார். நனைந்து ஊறிய தோல் எளிதில் உரியும். நீர்ப்படுக்கையில் நோயாளியைக் காக்க வந்த சீலை, ஈண்டு மெத்தையைக் காக்கும் சீலையாயிற்று. உறை யாருக்காக இடப்படுகின்றது என்னும் வினா இவ்விடத்தேதான் எழுகின்றது.

கிறீமிய யுத்தத்திற் பணியாற்றி மீண்ட புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859இல் வெளியிட்ட தாதியியல் நூலிலே படுக்கைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். படுக்கைப்புண் உள்ளவரின் கீழே கம்பளம் இடலாகாது, அஃது ஈரத்தைப் பற்றிநின்று பற்றுப்போலத் தோலை ஊறவைக்கும் என்று அவர் எச்சரித்தார். காற்றுப்புகும் இரும்புக்கட்டிலும் மெல்லிய குதிரைமயிர் மெத்தையுமே அவர் விரும்பியவை. படுக்கைப்புண் பெரும்பாலும் நோயின் குற்றமன்று, பராமரிப்பின் குற்றமே என்பது அவர் துணிபு.

அத்துணிபை எல்லாரும் ஏற்றிலர். முள்ளந்தண்டு வெட்டப்பட்ட பிராணிகளிலும் அழுத்தத்தையும் அழுக்கையும் அகற்றினாற் புண்ணைத் தடுக்கலாம் என்று பிறவுண் செக்கார் 1853இற் காட்டியிருந்தார். ஆயினும் பாரிசு நகரத்துப் பேரறிஞர் ஷார்க்கோ 1870களில், நரம்புமண்டலம் பழுதுற்றதனாலேயே கொடிய புண் தோன்றுகின்றது என்று போதித்தார். புண் நரம்பின் விதியெனின் மெத்தையாலும் விரிப்பாலும் ஆவதென்ன? முதலாம் உலக மகாயுத்தத்தில் முள்ளந்தண்டு முறிந்த போர்வீரருட் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த்தொற்றாலும் மாண்டனர். அவர்களைப் பிழைக்கமாட்டாதவரெனக் கைவிடும் மனநிலைக்கு இத்தகைய போதனையும் துணைநின்றது எனலாம்.

அம்மனநிலையை மாற்றியவர், ஜேர்மனியிலிருந்து 1939இல் இங்கிலாந்திற் புகலடைந்த லுட்விக் குற்மன். 1944ஆம் ஆண்டு ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுப் பிரிவு அவர் தலைமையில் தொடங்கிற்று. இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிக்கிடத்துதல் அங்கு மாறா விதியாயிற்று. சாவர் என்று கருதப்பட்டோர் எழுந்து சக்கரநாற்காலியில் அமர்ந்தனர். 1948இல் அங்கே விளையாட்டுப் போட்டியும் நடத்தினர்.

இதனிடையே பொருள்களும் வளர்ந்தன. 1876இற் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைப்பிக்கப்பட்டு, அக்கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கையின் ஹெனரத்கொடத் தோட்டத்தை அடைந்தன. இவ்வாறு கீழைநாடுகளிற் பரவிய இறப்பர்ப் பயிரின் பாலிலிருந்தே 1929இல் டன்லொப் கம்பனியார் நுரையிறப்பரை ஆக்கினர். அறைகள் மாறிமாறிக் காற்றால் நிரம்பி ஒடுங்கும் மெத்தை படுக்கைப்புண்ணைத் தணித்தமை 1948இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டது. பேரழுத்தம் சிறிதுநேரத்திலும், சிற்றழுத்தம் நெடுநேரத்திலும் தசையை அழிக்கும் என்பதைக் கொசியாக் 1959இற் சோதனையால் நிறுவினார்.

உறையின் இயல்பும் பின்னரே தெளிவாயிற்று. எத்துணை மெல்லிய நுரைமெத்தையாயினும், இறுகிய உறை போர்த்தால் அவ்வுறை தொட்டிற்சீலைபோல் விறைத்துநின்று மெத்தையின் மென்மையைப் பயனற்றதாக்கும். ஆதலால் இருபுறமும் நீளத்தக்கதும், நீரைத் தடுத்து நீராவியை வெளிவிடத்தக்கதுமாகிய பொலியூரித்தேன் பூசிய துணி இக்காலத்து வைத்தியசாலைகளில் உறையாகின்றது. இயற்கையான செம்மறித்தோல் விரிப்புப் படுக்கைப்புண்களைக் குறைத்தமையை அவுஸ்திரேலியாவில் 2000, 2004ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆர்னற் தளரவிட்ட சீலையின் நுட்பமும், நைற்றிங்கேல் அம்மையாரின் ஈரம்பற்றிய எச்சரிக்கையும் இவ்வாறு ஓருறையில் ஒன்றுசேர்ந்தன.

எனினும் இவற்றுள் எதுவும் புரட்டிக்கிடத்தும் கையின் தொழிலை முற்றாக ஏற்கவல்லதன்று. நல்லுறை அக்கைக்குச் சிறிது நேரத்தை ஈட்டித்தரும், அந்நேரம் மறதிக்குரியதன்று. மருத்துவத்தின் நான்கு கூறுகளை வகுத்த திருவள்ளுவர், நோயுற்றவனோடும் வைத்தியனோடும் மருந்தோடும் அருகிருந்து பணிசெய்யும் உழைச்செல்வானையும் ஒருங்குவைத்து எண்ணினார். இல்லங்களில் முதியோரையும் வாதநோயாளரையும் பேணுவோர் பலர்க்கு விலையுயர்ந்த மெத்தை கிடைப்பதரிது. சுருக்கமின்றி விரித்த உலர்ந்த சீலை, குதிக்கால் படுக்கையிற் படாதவாறு காலின்கீழிட்ட தலையணை, நாழிகை தவறாது புரட்டும் கை ஆகிய மூன்றும் எவ்வீட்டிலும் இயல்வனவாம்.