குளிரில் பட்டுப்போன வால்நட் மரங்கள்

வால்நட் என்றால் நமக்குப் பருப்புதான் நினைவுக்கு வரும். முன்பெல்லாம் நாட்டு மருந்துக் கடையில் அக்ரூட் என்று கேட்டு வாங்குவோம். மரத்தை நம்மில் பலர் பார்த்ததில்லை. பிரெஞ்சில் அதன் பெயர் 'நுவாயே'. பள்ளிக்கூடத்தில் இந்தச் சொல் எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். நீரில் மூழ்கடிப்பதற்கும் அதே சொல்தான், எழுத்துகூட மாறாது.

காய்ந்த வால்நட் பலகை கன மீட்டருக்குச் சுமார் 640 கிலோ இருக்கும். ஏறக்குறைய நம் தேக்கின் எடைதான். பழுப்பு நிற வைரத்தில் கறுப்பு ரேகைகள் அலை அலையாய் ஓடும். பக்குவமாய்க் காயவைத்துவிட்டால் முறுக்காது, எளிதில் வெடிக்காது. இழைக்கவும் செதுக்கவும் உளிக்கு நன்றாக இடம் கொடுக்கும். வேரும் தண்டும் சேரும் அடிப்பாகத்தில்தான் ரேகை மிக அழகாக இருக்கும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் மரத்தை வெட்டாமல் வேரோடு தோண்டி எடுப்பார்கள். குறையும் உண்டு. பூச்சி அரிக்கும், மழையிலும் வெயிலிலும் தேக்கைப் போல நிற்காது. வீட்டுக்குள் வைத்துப் பாதுகாக்க வேண்டிய மரம்.

17-ஆம் நூற்றாண்டில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் வசதியுள்ளவர் வீட்டு அலமாரி, நாற்காலி, மேசை எல்லாம் பெரும்பாலும் இந்த மரம்தான். அப்போது வந்தது 1709-ஆம் வருஷத்துக் குளிர். பதினான்காம் லூயி ஆட்சியின் கடைசிக் காலம். அந்த ஜனவரியில் திடீரென்று விழுந்த குளிரில் ஆறுகள் உறைந்தன. வெர்சாய் அரண்மனையில், கணப்பு எரிகிற அறையின் அலமாரிக்குள் இருந்த மதுப் புட்டிகளே உறைந்து வெடித்தன என்று, அங்கே இருந்த சேன்-சிமோன் பிரபு தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நடுவில் பனி கொஞ்சம் உருகியது. உடனே மறுபடியும் உறைந்தது. அந்த இரண்டாவது உறைபனியில்தான் வால்நட், ஆலிவ், ஆப்பிள், திராட்சை எல்லாம் பட்டுப்போயின என்கிறார் அவர். பயிரும் போய்ப் பஞ்சம் வந்தது. 1709, 1710 இரண்டு வருஷத்தில் குளிரிலும் பசியிலும் நோயிலும் ஆறு லட்சம் பேர் வரை இறந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

கோதுமையை அடுத்த வருஷமே விதைத்துவிடலாம். வால்நட் கன்று நல்ல பலகை தர அறுபது எழுபது வருஷமாவது ஆகும். மரம் அருகிப் போகவே, 1720-இல் பிரான்ஸ் அரசு வால்நட் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மறு வருஷம் இங்கிலாந்து தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரத்துக்குச் சுங்கத்தை நீக்கியது. ஜமைக்காவிலிருந்து மகோகனி வந்து குவிந்தது; ஒரு தலைமுறைக்குள் ஆங்கிலேயர் வீட்டு நாற்காலியின் நிறமே சிவப்பாக மாறிவிட்டது. அரசாங்க உத்தரவுகளை நகலெடுத்தே காலம் கழித்தவன் நான். ஒரு தாள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிரான்சில் மிஞ்சிய மரத்துக்கு இன்னொரு கிராக்கி காத்திருந்தது. 1717-இல் அந்த நாட்டுக் காலாட்படை முழுவதற்கும் ஒரே மாதிரித் துப்பாக்கி என்று முடிவாயிற்று. அதன் கட்டைக்கு வால்நட்தான் ஏற்றது. சுடும்போது உதைக்கிற உதையைத் தாங்கும். ஈரத்திலும் வெயிலிலும் அலைந்தாலும் முறுக்கிக் குழலைக் கோணலாக்காது. பெரிய குளிருக்குப் பின் நட்ட கன்றுகள் வைரம் பாய்ந்து நின்ற காலத்தில் புரட்சியும் நெப்போலியனின் போர்களும் வந்துவிட்டன. பேரன் கல்யாணத்துக்கு அலமாரி செய்யலாம் என்று தாத்தா வைத்த மரம், பேரன் தோளிலேயே துப்பாக்கியாக ஏறியது.

முதல் உலகப் போரில் பிரெஞ்சுக் காலாட்படை ஏந்திய லெபெல் துப்பாக்கிக்கும் வால்நட் கட்டைதான். அந்தப் போருக்கு நம் புதுச்சேரியிலிருந்தும் சொல்தாக்கள் போனார்கள். திரும்பாதவர்களுக்குத்தான் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் நிற்கிறது.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் பிரெஞ்சுப் பாணி நாற்காலி, கட்டில்களை இன்றும் பார்க்கலாம். வடிவம் அங்கிருந்து வந்தது. மரம் நம் தேக்கும் ஈட்டியும். வால்நட் மரவேலை பார்க்க வேண்டுமானால் காஷ்மீருக்குப் போகவேண்டும். சினார் இலையையும் தாமரையையும் அங்கே இந்த மரத்தில்தான் செதுக்குகிறார்கள். சொந்த நிலத்தில் நிற்கும் வால்நட் மரத்தை வெட்டவும் அங்கே அரசு அனுமதி வேண்டும். 1969-ஆம் வருஷத்துச் சட்டம் அது. மனுப் போட்டு அலைகிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். அறுபது வருஷம் காத்திருந்து வளர்ந்ததை அரை நாளில் சாய்த்துவிடலாம் என்பதால், அந்தக் கோப்பு கொஞ்சம் மெதுவாக நகர்ந்தாலும் பரவாயில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.