மூன்றாம் ஹைட்ரஜனைத் தேடிய வரலாறு

பெரியோர் சொன்னார் என்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. இதனை விளக்கப் புராணங்களைப் புரட்ட வேண்டுவதில்லை. விஞ்ஞான வரலாற்றிலேயே தக்க சான்று உண்டு.

நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கள் யாவும் ஒரே எடையுடையன என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1931ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயன அறிஞர் ஹெரால்டு யூரே அக்கருத்தை மாற்றினார். வாஷிங்டனில் பிரிக்வெட் என்பார், பூஜ்யத்துக்குக் கீழ் 250 சென்டிகிரேடு பாகையினும் தாழ்ந்த குளிரிலே திரவமாய் நின்ற ஹைட்ரஜனை மெல்ல ஆவியாகவிட்டு, எஞ்சியதை அவருக்கு அனுப்பினார். முறத்திற் புடைக்கும்போது பதர் பறக்க நெல் தங்குவதுபோல, இலேசானது முந்திப் போகக் கனத்தது பிந்தித் தங்கிற்று. அவ்வெச்சத்தில் இரட்டை எடையுள்ள ஹைட்ரஜன் புலப்பட்டது. அதன் பெயர் டியூட்ரியம். அதனால் ஆன நீரே கன நீர்.

1934இல் கேம்பிரிட்ஜ் நகரில் ரதர்போர்டு, ஆலிபண்ட், ஹார்ட்டெக் என்னும் மூவர், டியூட்ரியத்தை டியூட்ரியத்தாலேயே தாக்கி, மும்மடங்கு எடையுள்ள ஹைட்ரஜனும் உண்டெனக் காட்டினர். அதுவே ட்ரிட்டியம். அது அழியாது நிலைத்து நிற்பது என ரதர்போர்டு எண்ணினார். நிலைத்ததாயின் இயற்கை நீரிலும் இருத்தல் வேண்டுமன்றோ? ஆகவே, அருவியின் மின்சாரத்தால் நீரைப் பகுத்துக் கன நீர் எடுத்துவந்த நார்வே நாட்டு ஆலையை நாடினார். 13,000 டன் நீரிலிருந்து பெற்ற கன நீர் மேன்மேலும் குறுக்கப்பட்டு, ஈற்றில் 11 கன சென்டிமீட்டரே எஞ்சிற்று. ஆஸ்டன் என்னும் அறிஞர் தம் கருவியால் அதனைச் சோதித்தார். ட்ரிட்டியம் தென்படவில்லை. தேடியது கிட்டவில்லை என்பதை ஒளியாது 1937இல் ரதர்போர்டு வெளியிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் அவர் காலமானார்.

1939இல் கலிபோர்னியாவில் ஆல்வரெஸ் என்னும் 28 வயது இளைஞரும் அவர் மாணவர் கார்னாக்கும் முடிச்சை அவிழ்த்தனர். நிலையற்றதென எண்ணப்பட்ட ஹீலியம்-3 நிலையானது. நிலையானதென எண்ணப்பட்ட ட்ரிட்டியமே கதிர் வீசி அழிவது! 12.3 ஆண்டுகளில் அதிற் பாதி ஹீலியமாகிவிடும். நீரிற் குவிந்து கிடப்பது எங்ஙனம்?

இன்று இவ்வறிவு பெரும் பயனுக்குரியதாகின்றது. டியூட்ரியமும் ட்ரிட்டியமும் கூடி ஹீலியமாகுங்கால் மிகுந்த சக்தி பிறக்கிறது. 1991இல் இங்கிலாந்தின் கல்ஹாமில் ‘ஜெட்’ என்னும் கருவியில் இக்கலவை இட்டுச் சோதித்தனர். இடும் ட்ரிட்டியத்தில் சிறு பகுதியே எரியுமாதலின், மிச்சத்தை மீட்டுப் பிரித்து மீண்டும் இடவேண்டும். கானடாவின் டார்லிங்டனில், அணு உலைகளின் கன நீரில் உண்டாகும் ட்ரிட்டியத்தை வாயுவுக்கு மாற்றி, அவ்வாயுவைக் கடுங்குளிரில் திரவமாக்கி வடித்தே பிரிக்கின்றனர். இலேசானது முந்தும், கனத்தது பிந்தும் என்று பிரிக்வெட் கையாண்ட நியாயமே அங்கும் ஆள்கின்றது.

அன்பர்காள்! ரதர்போர்டின் புகழ் இதனாற் குறைந்ததா? இல்லை. தம் முயற்சி பலிக்கவில்லை என்று தாமே உலகறியச் சொன்னவர் அவர். அவர் எண்ணத்தை வேதவாக்காக்கி வணங்காமல், இளைஞர் இருவர் சோதித்துப் பார்த்தனர். பெரியாரைப் போற்றும் முறை அதுவே. நம் பிள்ளைகள் “ஏன்?” என்று கேட்குங்கால் வாயை அடக்காதிருப்போமாக.