வளர்ற பிள்ளைக்கு எம்டிபி சைக்கிள்: பெரிய சைஸா வாங்கினால் லாபமா? கடைக்குப் போகும் முன் இதைப் படிங்க!

"அடுத்த வருஷம் வளர்ந்துடுவான், ஒரு சைஸ் பெருசாவே கொடுங்க." சைக்கிள் கடைகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. பள்ளிச் சீருடைக்கு இந்தக் கணக்கு சரி. மடித்துத் தைத்து பிறகு பிரித்துக்கொள்ளலாம். சைக்கிளில் அது நடக்காது. கால் தரைக்கும், விரல் பிரேக்குக்கும் எட்டாமல் ரோட்டில் இறங்கும் பிள்ளைக்கு அந்த 'அடுத்த வருஷம்' வரும்வரை தினமும் ஆபத்துதான்.

அப்பாவோட பெரிய சைக்கிள்ல குரங்கு பெடல் அடிச்சுத்தானே எல்லாரும் கத்துக்கிட்டாங்க என்று கேட்கலாம். அந்த சைக்கிளின் பாருக்குக் கீழே கால் நுழைய இடம் இருந்தது. இப்போதைய எம்டிபியில் மேல்பார் சரிவாக வருவதால் அந்த இடமே சிறுத்துவிட்டது.

வயதைச் சொல்லாதீங்க, காலை அளங்க

எம்டிபி சைஸ் என்று கடையில் சொல்வது சக்கரத்தின் அளவைத்தான். தோராயமாக 115 முதல் 130 செ.மீ. உயரம் என்றால் 20 இன்ச், 130 முதல் 150 செ.மீ. என்றால் 24 இன்ச், அதற்கு மேல் 26 இன்ச். ஆனால் ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் உயரமே ஒரு சாண் வித்தியாசப்படும். அதனால் வீட்டிலேயே கால் அளவை எடுத்துக்கொண்டு போவது நல்லது. பிள்ளையை செருப்பில்லாமல் சுவரோரம் நிற்க வைத்து, கால்களுக்கு இடையே ஒரு நோட்டை மேலே முட்டும்படி வைத்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை டேப்பால் அளக்க வேண்டும். சைக்கிளின் மேல்பார் இந்த அளவைவிட 5 செ.மீ.யாவது கீழே இருக்கணும். திடீரென பிரேக் போட்டு முன்னால் குதிக்கும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும்.

பள்ளி வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு சுமார் 5, 6 செ.மீ. வளர்கிறார்கள்; பருவ வயதில் இன்னும் வேகம். பெண் பிள்ளைகளுக்கு அந்த வேகம் முன்னதாகவே வந்துவிடும். எனவே சீட்டை முழுக்க இறக்கினால் இன்று கால் எட்டுகிற, மேலே ஏற்ற நிறைய இடம் மிச்சமிருக்கிற சைக்கிளே சரியான தேர்வு. சரியாகப் பார்த்து வாங்கினால் 2, 3 வருஷம் தாங்கும். சீட் கம்பியில் ஒரு கோடு இருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது. அதற்கு மேலும் உயரம் தேவைப்பட்டால் அடுத்த சைஸுக்கு நேரம் வந்துவிட்டது.

காசு எங்கே வீணாகிறது?

சஸ்பென்ஷனில்தான். குறைந்த விலையில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்து வரும் சைக்கிள் பார்க்க கெத்தாக இருக்கும், பெடல் அடித்தால் மூச்சு வாங்கும். பட்ஜெட் விலை 24 இன்ச் எம்டிபி பலவும் 14, 15 கிலோ வரை இருக்கின்றன. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது தன் எடையில் பாதி! டியூஷனுக்கும் கிரவுண்டுக்கும் போய்வர பின்பக்க சஸ்பென்ஷன் தேவையே இல்லை. முன்பக்கமும் இல்லாவிட்டால் பரவாயில்லை. பள்ளத்துக்குக் கொஞ்சம் அகலமான டயரே போதும்.

கியரிலும் அதே கதைதான். 21 கியர் என்றால் முன்னால் 3, பின்னால் 7. சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் மாற்றுவது குழப்பம். தஞ்சாவூர் மாதிரி சமவெளி ஊருக்கு கியரே வேண்டாம், ஏற்காடு, கொடைக்கானல் என்றால் பின்பக்கம் 7 போதும்.

டிஸ்க் பிரேக் மழையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதைவிட முக்கியம், ஹேண்டிலைப் பிடித்தபடியே பிள்ளையின் விரல் லிவரை எட்டுகிறதா என்பது. பல லிவர்களில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். திருகினால் லிவர் கைக்குப் பக்கத்தில் வரும்.

பழைய சைக்கிள் வாங்கலாமா?

தாராளமாக. பிள்ளை வளர்ந்துவிட்டதால் விற்கப்படும் சைக்கிள்கள் பல, அதிகம் ஓடாதவை. ஹேண்டிலுக்குக் கீழே வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பழையதற்குப் பேரம் பேசும் முன் புதியதன் இப்போதைய விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பாதி மாட்டாமல் பெட்டியில் வரும். தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்து பிரேக்கையும் ஹேண்டிலையும் டைட் செய்த பிறகு ஓட்டவிடுங்க. வீட்டிலேயே மாட்டுவதானால் ஒரு விஷயம்: இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும், வலதைப் போலத் திருகினால் மரை போய்விடும்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11ஆம் வகுப்பில் விலையில்லா சைக்கிள் கிடைக்கும். 9ஆம் வகுப்புப் பிள்ளைக்கு இப்போது கடன் வாங்கிப் பெரிய பட்ஜெட்டில் எம்டிபி எடுக்கும் பெற்றோர், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.