குதிரையும் குடற்புழுவும்

வரலாறு என்றவுடன் மன்னர்களும் படையெடுப்புகளும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அம்மன்னர்களைச் சுமந்த குதிரையின் குடலுக்குள்ளும் ஒரு வரலாறு உண்டு. சென்ற நூற்றாண்டில் மனிதர் அங்கே கண்ட வெற்றியும், அவ்வெற்றியே ஈன்ற தொல்லையும் மாணவர் அறியத்தக்கவை.

புல்வெளியில் மேயும் குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் குடற்புழு இல்லாதிருத்தல் அரிது. புழுவின் முட்டைகள் இலத்தியோடு வெளிவருகின்றன. வெப்பமும் ஈரமும் வாய்த்தால் அவை பொரித்து, இளம்புழுக்கள் புல்லின்மேல் ஏறுகின்றன. மேயும் குதிரையின் வயிற்றை மீண்டும் அடைகின்றன. இவற்றுள் மிகக் கொடியது ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ் என்னும் பெரும்புழு. அதன் இளம்புழு, குடலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனிக்குள் புகுந்து மாதக்கணக்கில் தங்கும். தமனியின் சுவர் தடிக்கும். உள்ளே இரத்தம் உறையும். உறைந்த இரத்தம் குழாயை அடைத்தால் குடலின் ஒரு பகுதி அழுகிவிடும். குதிரை கடுஞ்சூலையால் துடித்து மடியும்.

இக்கொடுமையைத் தடுக்க 1940-ஆம் ஆண்டையொட்டிப் பினோதயசின் என்னும் மருந்து வந்தது. 1960-களின் தொடக்கத்தில் தயாபெண்டசோல் வந்தது. 1966-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ட்ரட்ஜ், லயன்ஸ் என்னும் இரு அறிஞர்கள் ஒரு முறையை வகுத்தனர். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை எல்லாக் குதிரைகளுக்கும் மருந்து கொடுக்க வேண்டும் என்பதே அது. மேய்ச்சல் நிலத்தில் முட்டை விழாமற் காப்பது அவர்தம் நோக்கம். பின்னர், ஜப்பானில் ஓமுரா சதோஷி மண்ணிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிரைக் கொண்டு, அமெரிக்காவில் வில்லியம் கேம்பல் முதலியோர் ஆராய்ந்ததன் பயனாய், 1981-இல் ஐவர்மெக்டின் விற்பனைக்கு வந்தது. தமனிக்குள் இருந்த இளம்புழுவையும் அது கொன்றது. அவ்விருவரும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

பெரும்புழு பல பண்ணைகளில் அருகியது. ஆனால் சிறு ஸ்ட்ராங்கைல்கள் எனப்படும் வேறொரு புழுக்கூட்டம் தலைதூக்கியது. எல்லாக் குதிரைகளுக்கும் ஒருங்கே மருந்திட்டால், மருந்துக்குத் தப்பிய சில புழுக்களே முட்டையிடும். அவற்றின் வழித்தோன்றல்களே புல்வெளியை நிரப்பும். இவ்வாறு தலைமுறைதோறும் மருந்தை எதிர்க்கும் ஆற்றல் வளர்ந்தது. தயாபெண்டசோல் வகை மருந்துகள் சிறு புழுக்களுக்கு எதிராகப் பல நாடுகளில் வலுவிழந்தன.

இதனை உணர்ந்த டென்மார்க் அரசு, மருத்துவரின் சீட்டின்றிப் புழுமருந்து வழங்கலாகாது என 1999-இல் விதித்தது. முதலில் இலத்தியைச் சோதிக்க வேண்டும். நிறுத்தெடுத்த இலத்தியை உப்புக் கரைசலில் கலக்கினால் முட்டைகள் மிதக்கும். அவற்றைக் கட்டமிட்ட கண்ணாடியில் வைத்து நுண்பெருக்கியால் எண்ணலாம். ஆஸ்திரேலியாவில் 1939-இல் ஆடுகளுக்கென வெளியிடப்பட்ட முறை இது. ஒரு மந்தையில் பெரும்பாலான முட்டைகளை வெளியிடுபவை ஒரு சில குதிரைகளே என்பதை இவ்வெண்ணிக்கை காட்டிற்று. அவற்றுக்கு மட்டும் மருந்து போதும் எனப் பலர் கருதினர்.

எனினும், இவ்வாறு மருந்தைக் குறைத்த டென்மார்க்குப் பண்ணைகளில் பெரும்புழு மிகுதியாகக் காணப்பட்டதை 2012-இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. ஆகவே, வளர்ந்த குதிரை ஒவ்வொன்றுக்கும் ஆண்டில் ஓரிருமுறை மருந்து; மிகுதியாக முட்டையிடும் புழுக்களைக் கொண்டவற்றுக்கு மட்டும் கூடுதல் மருந்து என்பதே இன்று அறிஞர் பலர் கூறும் நெறி. இதனோடு, வாரம் இருமுறை இலத்தியை வாரி அகற்றினால், முட்டை பொரித்துப் புல்லேறுமுன்னே ஆபத்து நீங்கும். புல்வெளியில் அளவுக்கு மிஞ்சிய குதிரைகளை விடாமையும் இன்றியமையாதது.

மாணவர்களே! மருந்து கண்டவர்களின் அறிவைப் போற்றுவோம். அம்மருந்து நெடுங்காலம் பயன்பட வேண்டுமாயின், நாட்காட்டியைப் பார்த்து மருந்திடும் பழக்கம் ஒழிந்து, இலத்தியைச் சோதித்து மருந்திடும் பொறுமை வளர வேண்டும். மண்வெட்டியும் நுண்பெருக்கியும் மருந்துப் புட்டியும் ஒருங்கே பணிபுரியும் பண்ணையிலேதான் குதிரை நலமாக மேயும்.