கல்லமேட்டில் கரைந்த எலும்பு

அந்தக் கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். தொடை எலும்பு இல்லை, முழங்காலுக்குக் கீழே உள்ள வெறும் கெண்டைக்கால் எலும்பு. பக்கத்தில் நிறுத்தினால் நம்மில் பெரும்பாலோர் அதைவிடக் குள்ளம். இன்று அதைப் பார்க்க எந்த அருங்காட்சியகத்துக்கும் போக முடியாது.

அதைச் சுமந்த விலங்கு வாழ்ந்தது சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தியா அப்போது மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து, சுற்றிலும் கடலோடு தனித் தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. இன்றைய அரியலூர் அன்று கடலோரம். கடல் பின்வாங்கிய இடத்தில் ஆறுகள் கொண்டுவந்த மணலும் களியும், செத்து விழுந்த அந்த உடலை மூடின. எலும்பின் நுண்துளைகளில் மெல்ல மெல்லத் தாது ஊறியது. மேலே தீவு ஆசியாவோடு மோதியது, இமயம் எழுந்தது. எலும்பு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேடு மண்ணில் டைனோசர் எலும்புகள் இருப்பதை சார்லஸ் மாட்லி 1929-லேயே எழுதிவிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே இந்தக் கால் எலும்பையும், இடுப்பு, தொடை, முன்கால், வால் எலும்புகளின் பகுதிகளையும் கண்டெடுத்தார்கள். 1980-களின் இறுதியில் பெயரும் வைத்தார்கள்: பிருகத்காயோசாரஸ் மாட்லியி. பிருகத்காயம் என்றால் பேருடல். முதலில் அதை ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். பிறகுதான் அது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணியாக, டைட்டனோசர் இனமாக இருக்க வேண்டும் என்று மற்ற ஆய்வாளர்கள் திருத்தினார்கள்.

ஆனால் எலும்பு ஆய்வகம் போய்ச் சேரவில்லை. மண்ணுக்குள் இருந்தவரை சுற்றியிருந்த மண்ணே அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. வெளியே எடுத்ததும் மழையும் ஈரமும் உள்ளே இறங்கின. சுற்றிக் கட்டிய பிளாஸ்டர் உறைக்குள்ளேயே அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. 7 கோடி ஆண்டு தாங்கியது நம் கைக்கு வந்த பிறகு போய்விட்டதே என்று இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

எஞ்சியவை சில கோட்டோவியங்கள், அளவுகள், புகைப்படங்கள். இவற்றை வைத்துக்கொண்டு எப்படி நம்புவது? அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தை நான் தள்ளிவிட மாட்டேன். பக்கத்து பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறதே. 2022-ல் அய்யாசாமியும் சக ஆய்வாளர் ஒருவரும் பழைய புகைப்படங்களை வெளியிட்டு, இது எலும்புதான் என்று வாதாடினார்கள். அதன் பிறகு வந்த ஒரு மதிப்பீடு விலங்கின் எடையை 100 டன்னுக்கும் மேல் வைத்தது. அது சரியென்றால், தரையில் நடந்த உயிர்களில் இதைவிடப் பெரிதாக வேறெதையும் நாம் அறியோம். தரைவிலங்கு ஒன்றின் உடல் எவ்வளவு தூரம் வளர முடியும் என்ற கேள்விக்கான முக்கியமான சாட்சி மண்ணோடு மண்ணாகிவிட்டது. எடை போடுபவர்களால் இன்று அளக்க முடிவது படத்தைத்தான்.

அதே கல்லமேட்டு மண்ணில் கிடைத்த ஒரு சின்னஞ்சிறு பல்லைப் பற்றி 2013-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வட கண்டங்களுக்கே உரியது என்று அதுவரை கருதப்பட்ட ட்ரூடான்டிட் என்ற டைனோசர் குடும்பத்தின் பல் அது என்றார்கள். அந்த முடிவை யார் கேள்வி கேட்டாலும், எடுத்துக் காட்டப் பல் இருக்கிறது.