டிக்கெட்

தேர்தல் நெருங்கினால் நம்மூரில் "அவருக்கு சீட் கிடைச்சிருச்சா?" என்று கேட்போம். டெல்லிப் பக்கம் இதையே டிக்கெட் என்பார்கள். தமிழில் "டிக்கெட் வாங்கிட்டார்" என்றால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பொருள். அதனால் நாம் சீட்டோடு நின்றுகொண்டது நல்லதுதான். அமெரிக்காவில் இந்தச் சொல்லின் புழக்கம் இன்னும் அகலம். அதிபர் வேட்பாளரும் துணை அதிபர் வேட்பாளரும் சேர்ந்து ஒரு டிக்கெட். எல்லாப் பதவிக்கும் ஒரே கட்சிக்குப் போட்டால் 'ஸ்ட்ரெயிட் டிக்கெட்', ஆளைப் பார்த்து மாற்றிப் போட்டால் 'ஸ்ப்ளிட் டிக்கெட்'. இதில் எங்கே இருக்கிறது டிக்கெட்? ஒரு காலத்தில் வாக்காளரின் கையிலேயே இருந்தது.

சொல்லின் பூர்வீகம் பழைய பிரெஞ்சு. ஒட்டுவது, செருகுவது என்ற வினையிலிருந்து பிறந்து, ஒட்டிவைத்த துண்டுச் சீட்டைக் குறித்தது. நாசூக்கான நடத்தையைச் சொல்லும் 'எட்டிக்கெட்' இதன் உடன்பிறப்பு.

தொடக்கத்தில் அமெரிக்காவின் பல பகுதிகளில் சீட்டே கிடையாது. கூட்டத்தின் நடுவே நின்று வேட்பாளர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். நம் 'வாக்கு' அங்கே வாயிலிருந்து வந்த வாக்காகவே இருந்தது. சீட்டு வழக்கத்தில் இருந்த இடங்களில் அரசு எதையும் தராது. வீட்டிலிருந்தே பெயர்களை எழுதிக் கொண்டுபோக வேண்டும். பதவிகள் பெருகப் பெருக எழுதிக் கை ஓய்ந்தது. 1829-இல் பாஸ்டனில் ஒருவர் 55 பெயர்கள் அச்சிட்ட சீட்டை நீட்ட, அதிகாரிகள் வாங்க மறுத்தார்கள். 'எழுதிய' சீட்டு என்றல்லவா அந்த ஊர் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சட்டம் சொல்கிறது! வழக்கு நடந்து, அச்சும் எழுத்துதான் என்று தீர்ப்பானது.

கட்சிகளுக்கு இது போதாதா? தங்கள் ஆட்களின் பெயர்களை மட்டும் அச்சடித்து வாசலிலேயே விநியோகித்தார்கள். அதுதான் டிக்கெட். கட்சிக்கொரு நிறம், தலைப்பில் படம். வாக்காளர் அதைப் பிடித்துக்கொண்டு பெட்டி வரை நடக்கும்போதே யாருக்குப் போடுகிறார் என்று முதலாளிக்கும் தெரியும், காசு கொடுத்தவருக்கும் தெரியும். பிடிக்காத பெயரைப் பென்சிலால் அடித்து வேறு பெயர் எழுதலாம். அதற்கென்றே பின்பக்கம் பசை தடவிய பெயர்த்துண்டுகளை எதிரணி அச்சடித்துக் கொடுக்கும். எச்சில் தொட்டு ஒட்ட வேண்டியதுதான். ஒட்டுவதில் பிறந்த சொல்லின் மேலேயே இன்னொரு ஒட்டு! இந்த ஒட்டுவேலையை முறியடிக்கக் கட்சிக்காரர்கள் 1871-இல் கலிபோர்னியாவின் வயெஹோ கப்பல்தளத் தொழிலாளர்களிடம் ஒடுக்கமான நாடா போன்ற சீட்டில் பொடி எழுத்தில் பெயர்களை நெருக்கிக் கொடுத்தார்கள். அடிக்கவும் இடமில்லை, ஒட்டவும் இடமில்லை. மக்கள் அதற்கு 'நாடாப்புழு' என்று பெயர் வைத்தார்கள். தேர்தல் சொற்களில் இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கண்டதில்லை.

முடிவு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அரசே அச்சிடும் சீட்டு, எல்லா வேட்பாளர்களின் பெயரும் ஒரே தாளில், மறைவில் நின்று குறியிடல்: 1856-இல் அங்கே தொடங்கிய முறையை 1888-இல் மாசசூசெட்ஸ் சட்டமாக்கியது. மற்ற மாநிலங்களும் மளமளவென்று பின்தொடர்ந்தன. வாக்கை விலைக்கு வாங்குவது கடினமானது. ஆனால் இதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. நிறத்தையும் படத்தையும் பார்த்து வாக்களித்தவர், எழுத்து மட்டுமே நிறைந்த தாளின் முன் திகைத்துப்போனார். அடிமைத்தனத்தில் எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களைக் கழித்துக்கட்ட, தென்மாநிலங்கள் இதை வாகாகப் பயன்படுத்திக்கொண்டன. 1951-52 தேர்தலில் நம் பெட்டிகளில் சின்னம் ஒட்டியவர்களின் முன்யோசனை இங்கேதான் புரிகிறது.

தாள் அரசின் கைக்குப் போன பிறகும் சொல் கட்சியிடமே தங்கிவிட்டது. சில மாநிலங்களில் பழைய டிக்கெட், சீட்டின் தலைப்பில் ஒரே ஒரு முட்டை வடிவக் கட்டமாகச் சுருங்கி உட்கார்ந்துகொண்டது. அதைக் கறுப்பாக்கினால் அந்தக் கட்சியின் வேட்பாளர்கள் அத்தனை பேருக்கும் வாக்கு விழும். டெக்சாஸ் 2020 தேர்தலிலிருந்து இதை எடுத்துவிட்டது. மிச்சிகன் வாக்காளர்களோ 2018-இல் வாக்களித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் அங்கே கட்சி சாராமல் தேர்தலில் நிற்கும் நீதிபதிகளின் பெயர்களுக்கு அந்தக் கட்டம் செல்லாது. தாளில் அவர்களை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று தேடித்தான் குறியிட வேண்டும்.