தஞ்சைக் கல்வெட்டின் எதிரே ஒரு காமிரா

தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தை வலம் வந்திருப்பீர்கள். அதன் அடிப்பகுதியில் நெடுகச் செதுக்கப்பட்டிருக்கும் முதலாம் இராசராசன் காலத்து எழுத்துகளையும் கண்டிருப்பீர்கள். 1858-ஆம் ஆண்டில் அவ்வெழுத்துகளின் எதிரே ஒரு காமிரா வந்து நின்றது. அதனை இயக்கியவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்றவர். 1857-இன் இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களை அவர் படம் பிடித்தார்.

அவர் எடுத்த படங்களின் அழகைப் பலரும் புகழ்வர். அப்படங்கள் உருவான விதத்தையே நாம் இன்று காண வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கும் வசதி நடைமுறைக்கு வராத காலம் அது. படம் எவ்வளவு பெரிதோ, நெகடிவும் அவ்வளவு பெரிதாக இருந்தாக வேண்டும். டிரைப்பின் படங்கள் ஓர் அடிக்கும் மிகுந்த அகலமுடையவை. எனவே காமிராவும் ஒரு பெட்டகம்போலப் பெரிதாயிற்று. அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிடும் முறையும் இருந்தது. நம் நாட்டு வெயிலில் அந்த ஈரம் எத்தனை நேரம் நிற்கும்? ஆதலின் அவர் பெரும்பாலும் மெழுகூட்டிய தாளையே நாடினார். தாளில் மெழுகை உருக்கி ஏற்றி, அயோடைடு கரைசலில் தோய்த்து, பின்னர் மங்கிய ஒளியில் வெள்ளி நைட்ரேட்டில் நனைத்து உலர்த்த வேண்டும். அதனை முன்னதாகவே ஆயத்தம் செய்து மாட்டுவண்டியில் எடுத்துச் செல்லலாம். படமெடுத்த பின்னர், காலிக் அமிலத்தில் பல மணி நேரம் கிடந்தே உருவம் தோன்றும்.

இத்தாளில் படம் பதியச் சில நிமிடங்கள் ஆகும். அந்நேரத்தில் குறுக்கே நடந்து சென்றவர் படத்தில் தங்குவதில்லை. நான் பள்ளியில் பயின்ற நாளில், கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்த புகைப்படக்காரர் எங்கள் வகுப்பைப் படம் பிடித்தார். சில நொடிகள்தாம், அதற்குள் தலையைத் திருப்பிய ஒருவனுக்குப் படத்தில் இரண்டு முகங்கள்! நிமிடக்கணக்கில் என்றால் கேட்க வேண்டுமோ? டிரைப்பின் படங்களில் தெருக்களும் மண்டபங்களும் ஆளரவமின்றித் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றைக் கண்டு, அன்றைய மதுரை வெறிச்சோடிக் கிடந்தது என்று வரலாறு எழுதிவிடாதீர்கள். வானத்திலும் கவனம் வேண்டும். வெறுமையாகத் தெரிந்த வானத்தில் மேகம் தோன்றும்படி, நெகடிவின்மேல் அவரே வண்ணம் தீட்டியதுண்டு.

தஞ்சைக் கல்வெட்டோ ஒரே தாளில் அடங்குவதாயில்லை. விமானத்தின் ஓரமாகக் காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி, 21 நெகடிவ்களில் அவ்வரிகளைப் பதித்தார். ஒவ்வொரு முறையும் சுவருக்கும் காமிராவுக்கும் உள்ள தூரம் மாறாதிருந்தால்தான் வரியோடு வரி பொருந்தும். ஒன்றாக ஒட்டிய அப்படத்தின் நீளம் ஏறத்தாழ 19 அடி!

இத்துணை உழைப்பும் நெடுநாள் தொடரவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், அரசுக்கு இது ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்தச் சொன்னார். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் கருவூலம் நெருக்கடியில் இருந்தது உண்மையே. ஆயினும் அம்முடிவு எனக்கு உடன்பாடன்று. காஞ்சியும் சிதம்பரமும் அந்நாளில் இருந்த நிலையை அதே காமிரா பதித்திருக்கக் கூடுமல்லவா? தஞ்சைக் கல்வெட்டுகளின் வாசகத்தை ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் முறையாகப் பதிப்பித்து வெளியிடத் தொடங்கியது 1891-இல்தான். அப்போது டிரைப் ஓய்வுபெற்று இங்கிலாந்தில் வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் 1902-இல் மறைந்தார்.